பம்பரத்தைக் கேட்டு வந்த ஆள்

காப்பகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் எக்ஸ்ரே. முகத்துக்கு நேரே "அக்கா" என்பார்கள். அவள் முதுகைத் திருப்பியதும் "எக்ஸ்ரே வந்தாச்சா?", "எக்ஸ்ரே எங்க கிளம்புது?" என்றுதான் பேச்சு. அது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. கோபப்பட்டதில்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

நாய்க் காப்பகத்துக்கு வருவதற்கு முன்னால் அவள் ஒரு பெரிய துணிக்கடையில் கண்காணிப்பு வேலை பார்த்தாள். சீருடை கிடையாது. துணி வாங்க வந்தவள் மாதிரி கைப்பையை மாட்டிக்கொண்டு மாடி மாடியாகச் சுற்ற வேண்டும். யார் எதை உருவுகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். வருகிறவர்களின் முகத்தை அவள் பார்க்கவே மாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். "மூஞ்சி என்ன வேணா நடிக்கும். கை உளறிடும்" என்பாள். தூங்குகிற குழந்தையின் போர்வைக்குள் புதுச் சட்டைகளை மடித்து வைத்திருந்த தாயைப் பிடித்திருக்கிறாள். காலில் போட்ட கட்டுக்குள் பட்டுத்துணி சுற்றியிருந்த கிழவரைப் பிடித்திருக்கிறாள். அந்த வேலையிலேயே தலை நரைத்துவிட்டது.

வேலை அவளோடு வீட்டுக்கும் வந்தது. தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் இருந்த வீட்டின் மாடி அறையில்தான் அவள் குடியிருந்தாள். தங்கை வீட்டுக்காரர் வேலையிலிருந்து திரும்பக் கொஞ்சம் தாமதமானால், தங்கைக்கு முன்னால் இவள் வாசலில் நிற்பாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நல்ல மனிதர் ஒருவர் கேட்டு வந்தாராம். பேசிக்கொண்டே அடிக்கடி சட்டைப்பைக்குள் கையை விட்டாராம். ஆள் சரியில்லை என்று அனுப்பிவிட்டாளாம். "பாவம், அந்த மனுஷனுக்கு ஜலதோஷம். கைக்குட்டை எடுத்தாரு" என்று தங்கை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அக்கா சிரிக்கமாட்டாள். "ஜலதோஷத்துக்கு அத்தனை தடவையா?" என்பாள்.

பிறகு கடையின் கூரையெல்லாம் கேமரா மாட்டினார்கள். அவளுக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். சும்மா உட்கார்ந்தால் தங்கை வீட்டுக்காரர் கதி அதோகதிதான் என்று பயந்து, தங்கையே அவளைத் தனக்குத் தெரிந்த கால்நடை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா நடத்தியதுதான் அந்தக் காப்பகம். தெருவில் கிடந்த நாய்களைத் தேற்றி, வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். ஆனால் ஆசையாகப் பேசி வாங்கிப்போன சிலர் மொட்டை மாடியில் கட்டிப்போட்டு மறந்துவிட்டார்கள். சிலர் குட்டி போடவைத்து விற்றார்கள்.

"நான் யார் சிரிச்சாலும் நம்பிடுவேன். நம்பாத ஆளு ஒருத்தர் வேணும்" என்றாள் டாக்டரம்மா.

"அக்காவைவிட யாரு இருக்கா!" என்றாள் தங்கை.

அப்படித்தான் அவள் வீடு பார்க்கிற வேலைக்கு வந்தாள். நாய் கேட்பவர்களின் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பாள். சமையலறை வரைக்கும் எட்டிப்பார்ப்பாள். அவள் சரி என்றால்தான் நாய் வெளியே போகும்.

அந்த நாட்களில் காப்பகத்தில் எல்லோருடைய உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தது பம்பரம். பழுப்பு நிறக் குட்டி, ஒரு காது நிற்கும், ஒரு காது மடிந்து கிடக்கும். சந்தோஷம் வந்தால் நின்ற இடத்திலேயே சுற்றும். அதற்குச் சந்தோஷம் வராத நேரமே இல்லை. முதலில் கொண்டுபோன வீட்டில் சோபாவைப் பஞ்சு பஞ்சாகப் பிரித்துவிட்டது. திரும்பி வந்தது. இரண்டாவது வீட்டில் மதிலைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்ததையெல்லாம் வாசலுக்குக் கொண்டுவந்து குவித்தது. மறுபடியும் திரும்பி வந்தது. அதற்கப்புறம் அதை யாரும் கேட்கவில்லை.

அதனால்தான் அந்த ஆள் வந்து நின்றபோது அவளுக்கு முதல் பார்வையிலேயே உறுத்தியது.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். ஒல்லி. வெயிலில் கருத்து உலர்ந்த முகம். கூண்டுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், அழகான நாய்களை விட்டுவிட்டுப் பம்பரத்தின் முன்னால் நின்றார்.

"இது எவ்வளவு நேரம் ஓடும்?"

"விட்டா நிறுத்தாது" என்றாள் டாக்டரம்மா, சிரித்துக்கொண்டு.

"பெரிய சத்தம் கேட்டா பயப்படுமா?"

"பயமா? இதுக்கா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "எதையாவது வாயில கவ்வுனா... விடச் சொன்னா விட்டுடுமா?"

எக்ஸ்ரே அவருடைய கையைப் பார்த்தாள். இரண்டு கையும் ஒன்றை ஒன்று பிசைந்துகொண்டிருந்தன. விரல் மூட்டுகளில் பழைய தழும்புகள்.

"எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள்.

"சும்மாதாங்க."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"தானியக் கிடங்குல. களத்து வேலை."

"வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

"நான் மட்டும்தான்."

அவர் போனதும் அவள் டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். "சும்மா கேக்கறவன் இந்தக் கேள்வி கேக்கமாட்டான். நாய்ச் சண்டை விடறவன் கேக்கற கேள்வி இது. ஓடுமா, மிரளுமா, கவ்வுனா விடுமா... நான் இதைச் சும்மா விடப்போறதில்லை."

அவருடைய வீடு பஸ் பணிமனைக்குப் பின்னால் இருந்தது. ஒற்றை அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையலிடம், பின்னால் துவைக்கிற கல் கிடக்கும் சின்ன முற்றம். கதவைத் திறந்தவர் அவளைப் பார்த்ததும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். பிறகு வேறு வழியில்லாமல் விலகினார்.

அறை துப்புரவாகத்தான் இருந்தது. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. முற்றத்தில் ஆணியில் நீளமான கயிறு ஒன்று சுருட்டித் தொங்கியது. அதன் பக்கத்தில் நெளிந்துபோன தகரத் தட்டும் ஒரு கட்டையும். உள்ளே வந்து அலமாரியைப் பார்த்தபோது, மேல் தட்டில் பாத்திரங்களுக்குப் பின்னால் வெள்ளை டப்பா ஒன்றின் விளிம்பு தெரிந்தது. அவள் எட்டிப் பார்ப்பதற்குள் அவர் நகர்ந்து வந்து அலமாரிக்கு முன்னால் நின்றார். அது போதும் அவளுக்கு.

"கொஞ்சம் தள்ளுங்க."

தள்ளினார். டப்பாவில் மண்டையோட்டுப் படம். மூடியின் முத்திரை இன்னும் உடைக்கப்படவில்லை. ஒரு தெருவையே காலி பண்ணக்கூடிய அளவு விஷம்.

"என்ன இது?"

"எலிக்குங்க."

"எலிக்கு இவ்வளவா? இங்க ஒரு எலிப்பொந்துகூடக் காணோமே?"

அவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளும் அதற்குமேல் எதுவும் கேட்காமல் இறங்கி வந்துவிட்டாள். மாட்டிக்கொண்டவனிடம் அங்கேயே கத்தக்கூடாது. பின்னால் போய் முழுசாகப் பிடிக்க வேண்டும். கடையில் அவள் கற்ற பாடம் அது.

"வேண்டாம்னு சொல்லி அனுப்பிடலாமே அக்கா" என்றாள் டாக்டரம்மா.

"இங்க வேண்டாம்னா தெருவுல ஒண்ணைப் பிடிச்சுக்குவான். என்ன பண்றான்னு பாக்கணும்."

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில், கைப்பையை மாட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனாள். மூட்டை இறக்க நின்றிருந்த லாரிக்குப் பின்னால் இடம் பிடித்தாள். எதிரே பெரிய சிமென்ட் களம். அதில் மக்காச்சோளத்தை மஞ்சள் விரிப்பு மாதிரி காயப் போட்டிருந்தார்கள். கூரை விளிம்பெல்லாம் புறாக்கள். ஒன்று இறங்கியது. அடுத்த நொடியில் கூட்டமே போர்வை உதறினாற்போல் களத்தில் வந்து விழுந்தது.

எங்கிருந்தோ தகரத் தட்டு முழங்கியது. அந்த ஆள் ஓடி வந்தார். தட்டைக் கட்டையால் அடித்துக்கொண்டே களத்தின் ஓரமாக ஓடினார். புறாக்கள் எழும்பின, இன்னொரு மூலையில் இறங்கின. அவர் அங்கே ஓடினார். அவை இந்த மூலைக்கு வந்தன. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து மூச்சு வாங்கினார். மறுபடி ஓடினார். 

கிடங்கு மேனேஜர் வெளியே வந்தார். "என்னய்யா, கூத்தா காட்டறே? மருந்து டப்பா குடுத்து எவ்வளவு நாளாச்சு? வச்சியா இல்லையா?"

"வச்சேன் சார். அதுங்க தொடவே மாட்டேங்குது."

"தொடாதா? இன்னும் ஒரு வாரம் பாப்பேன். அப்புறம் நானே ஆள் வச்சு வைப்பேன். நீயும் வேற வேலை பாத்துக்கோ."

மேனேஜர் உள்ளே போனார். அந்த ஆளின் கைகள் முதுகுக்குப் பின்னால் ஒன்றை ஒன்று பிசைந்துகொண்டிருந்ததை அவள் பார்த்தாள். பச்சைப் பொய். முத்திரை உடையாத டப்பா அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

அப்போதும் அவள் இளகவில்லை. டப்பாவை வெளியே விற்கப் பார்க்கிறானோ என்றுதான் முதலில் நினைத்தாள். நேராகக் களத்தில் இறங்கினாள்.

"மேனேஜர்கிட்ட எதுக்குப் பொய் சொன்னீங்க?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். ஓடப் போகிறவர் மாதிரி ஒரு கணம் நின்றார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"முன்னாடி ஒரு தடவை வச்சாங்கம்மா. களம் பூரா புறாவா கிடந்துச்சு. கூட்டி அள்ளுனது நான்தான். அள்ளறப்ப சிலதுக்கு உயிர் இருந்துச்சு." காலடியில் கிடந்த ஒரு சோள மணியைப் பொறுக்கிக் களத்தில் போட்டார். "இன்னொரு தடவை என்னால முடியாது. யாரும் எடுத்து வச்சிடக்கூடாதுன்னுதான் டப்பாவை வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். ஆனா எனக்கு ஓட முடியலை. நாய் ஒண்ணு இருந்தா விரட்டும். கவ்வுனாலும் விட்டுடணும். அதான் கேட்டேன்."

"இதை அங்கயே சொல்ல வேண்டியதுதானே?"

"வேலைக்குன்னா நாய் தரமாட்டாங்கன்னு சொன்னாங்க. நீங்க வேற... பாத்த பார்வை..."

அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "ராத்திரி எங்க இருக்கும்?"

"என்கூடத்தான்."

"வெயில்ல?"

"நிழல் இருக்கு. தண்ணி இருக்கு. நான் உக்காரும்போது அதுவும் உக்காரும்."

"வயசாகி ஓட முடியாமப் போனா?"

"எனக்கு மட்டும் ஆகாதா? ரெண்டு பேரும் சேந்து உக்காந்துக்குவோம்."

அவள் நடந்தாள். வாசல் வரை போய்த் திரும்பி, "அந்த டப்பா இன்னிக்கே என் கைக்கு வரணும்" என்றாள்.

வந்தது. டாக்டரம்மா அதை ஒழிக்க வேண்டிய முறைப்படி ஒழித்தாள். ஆனால் எக்ஸ்ரே பம்பரத்தை உடனே ஒப்படைக்கவில்லை. தன் கையாலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு களத்துக்குப் போனாள். அதன் இழுப்பில் வழியெல்லாம் பாதி ஓட்டம்.

புறாக்கள் இறங்கின. அவள் கயிற்றை விட்டாள். பம்பரம் தெறித்துக்கொண்டு போனது. ஒரு புறா மிச்சமில்லாமல் எல்லாம் கூரைக்கு ஏறிவிட்டன. அந்த ஆள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். புறாக்களைக் கிளப்பிய சந்தோஷம் பம்பரத்துக்குத் தாங்கவில்லை. சோளத்தின் நட்டநடுவில் நின்று சுற்ற ஆரம்பித்தது. மணிகள் நாலா பக்கமும் சிதறின. வாளியை உருட்டிவிட்டுச் சத்தம் கேட்டு இன்னும் வேகமாகச் சுற்றியது.

மேனேஜர் ஓடி வந்தார். "எவன்யா நாயை உள்ள விட்டது?"

 எக்ஸ்ரே முன்னால் வந்தாள்.

"நான்தான் சார். காப்பகத்துலேர்ந்து வரோம். பறவை விரட்டறதுக்குன்னே பழக்குன நாய் இது."

"இதுவா பழக்குன நாய்?"

"புது இடம் இல்லையா? இடத்தைப் பழகிக்குது. மேல பாருங்க, ஒண்ணாவது கீழ இருக்கா?"

மேனேஜர் மேலே பார்த்தார். கூரையில் வரிசையாகப் புறாக்கள். கீழே ஒன்றுகூட இல்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டே அந்த ஆளிடம், "ஒரு வாரம். சோளம் வீணாச்சுன்னா நாயும் வெளிய, நீயும் வெளிய" என்றுவிட்டுப் போனார்.

ஆயுள் முழுக்கப் பொய்யர்களைப் பிடித்தவள், கண் இமைக்காமல் சொன்ன பொய்யை நினைத்து வீட்டில் தங்கையிடம் புலம்பினாள். "எவ்வளவு சரளமா வந்துச்சு தெரியுமா!" தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

பம்பரத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்திருந்தாள். அந்த வாரம் அந்த ஆள் நாயோடு மல்லுக்கட்டினார். களத்தைச் சுற்றி ஓரமாகவே ஓடப் பழக்கினார். சிதறிய மணிகளை இருட்டுவதற்குள் கூட்டி அள்ளினார். வாரம் முடிந்தது, மேனேஜர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வெளியாட்களிடம் "நாய் வைக்கலாம்னு நான்தான் ஐடியா குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

எக்ஸ்ரே மட்டும் விடவில்லை. நினைத்த நாளில் போய் நின்றாள். தண்ணீர்ச் சட்டியைப் பார்த்தாள். பாதங்களைத் தூக்கிப் பார்த்தாள். கழுத்தில் கயிறு அறுத்த தடம் இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவினாள்.

"இன்னும் சந்தேகமாம்மா?" என்றார் அவர் ஒருநாள்.

"மழைக்காலம் வரட்டும். களத்துல வேலை இல்லாதப்ப எப்படி வச்சிருக்கீங்கன்னு பாக்கணும்."

மழைக்காலமும் வந்தது. அடைமழை பெய்த ஒரு நாள், அவர் பம்பரத்தைக் கயிற்றில் பிடித்தபடி நனைந்துகொண்டே காப்பகத்துக்குள் நுழைந்தார்.  மூன்றாவது தடவையும் திரும்பி வந்துவிட்டது.

"கொண்டாந்துட்டீங்களா? எனக்குத் தெரியும்! வேலை முடிஞ்சதும் வேண்டாதது ஆயிடுச்சு இல்ல?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ரெண்டு நாளா காதைச் சொறிஞ்சுக்கிட்டே இருக்கும்மா. தூங்கவே மாட்டேங்குது. டாக்டரம்மா இருக்காங்களா?"

அவள் உள்ளே கையைக் காட்டினாள்.

டாக்டரம்மா காதைச் சுத்தம் செய்து மருந்து ஊற்றினாள். வலித்திருக்க வேண்டும், பம்பரம் அவருடைய முழங்கையின் மடிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. எல்லாம் முடிந்து கீழே இறக்கியதும், வழக்கம்போல இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு அவரைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு கிளம்பியது. கூண்டு வரிசையைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். மாதக்கணக்கில் அடைபட்டிருந்த கூண்டின் பக்கம் அது தலையைத் திருப்பவே இல்லை. மழையில் இறங்கி, பஸ் பணிமனைக்குப் போகிற பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியது. அவரும் பின்னாலேயே சிரித்துக்கொண்டு ஓடினார்.

எக்ஸ்ரே வாசலில் நின்று அவர்கள் திருப்பத்தில் மறைகிற வரை பார்த்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு அவள் சோதனைக்குப் போகவில்லை. போனபோதெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.