அடியில் ஒரு மஞ்சள் முடிச்சு

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரியின் மடியில் ஒயர் கூடை இருந்தால் லோகநாயகிக்குக் கை சும்மா இருக்காது. "கொஞ்சம் குடும்மா, பாத்துட்டுத் தரேன்" என்று வாங்கி, உள்ளே தக்காளி இருக்கிறதா, தயிர்ப் பாக்கெட் இருக்கிறதா என்றெல்லாம் யோசிக்காமல் அப்படியே கவிழ்த்துவிடுவாள். அடியைப் பார்த்தால்தான் பின்னியவளின் கை தெரியும் என்பது அவள் கட்சி. அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: "இத்த யாராண்ட கத்துக்கினே?"

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வீடு. கணவர் கஜபதி ஷிஃப்டுக்குக் கிளம்பியதும் தரையில் காலை நீட்டிக் கூடை பின்ன உட்கார்ந்தால், மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவாள். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று எந்த முடிச்சும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த வீட்டில் வெங்காயத்துக்கு ஒரு கூடை, மாத்திரைக்கு ஒரு கூடை, கஜபதியின் சாவிக்கும் ஒரு கூடை.

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை கூடை பின்னும் நூற்றுச் சொச்சம் பெண்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழு அவளுடையது. அங்கே ஒரே சட்டம். யாரிடம் கற்றார்களோ அவருக்காகக் கூடையின் அடியில் வேறு நிறத்தில் ஒரு முடிச்சு போட வேண்டும். படம் அனுப்பும்போது பேரையும் சொல்ல வேண்டும். பாடியில் இருக்கும் மைதிலி ஒருமுறை யாரோ பின்னிய பூ வேலையைத் தன்னுடையது என்று அனுப்பி மாட்டிக்கொண்டாள். "வேணும்னு செய்யலக்கா" என்று அவள் சொன்னது எடுபடவில்லை. லோகநாயகி விட்ட குரல் பதிவு நான்கு நிமிடம். "சோத்துல உப்பு போட்டுத்தான துன்றே?" என்பது அதில் மென்மையான பகுதி.

அப்படிப்பட்டவள் சொந்தமாக யோசித்தது ஒன்றே ஒன்று. நான்கு இழைகளைச் சடைபோல் பின்னி, நடுவில் விசிறியாக விரியும் கைப்பிடி. எவ்வளவு கனம் தூக்கினாலும் கையை அறுக்காது. இரண்டு வருடம் முன்பு அதைப் போட்டதிலிருந்து குழுவே 'லோகநாயகி பிடி' என்கிறது. அந்த முதல் நீலக் கூடையின் அடியில் மட்டும் வேற்று நிறமே கிடையாது; அந்தப் பிடியை யாரிடமும் கற்கவில்லையே. கடைக்குப் போனாலும் அதைத்தான் எடுத்துப் போவாள், கொஞ்சம் தூக்கியே பிடிப்பாள்.

போன மாதம் ரவிக்கை தைக்கக் கொடுக்கக் குமணன்சாவடியில் நஜீரின் தையல் கடைக்குப் போனாள். ஆணியில் வெளுத்துப்போன மஞ்சள் கூடை ஒன்று தொங்கியது. அதே நான்கு இழை, அதே விசிறி.

"ஏம்மா, இது எப்போ பின்னுனது?"

காஜா எடுத்துக்கொண்டிருந்த நஜீரின் மனைவி ஜரினா நிமிர்ந்தாள். "அது ஆச்சுக்கா அஞ்சாறு வருசம். பழைய புடி பிஞ்சு போச்சு. கைல கீற துண்டு ஒயர வெச்சு நானே ஒப்பேத்துனேன்." பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "யக்கா, மூணு நாலு வருசம் முன்ன பஸ்ல இந்தக் கூடைய கவுத்தது நீங்கதான? எலுமிச்சம்பழம்லாம் டிரைவர் சீட்டு வரைக்கும் உருண்டு ஓடுச்சே! ரெண்டு பேரும் குனிஞ்சு பொறுக்கினோமே!"

எலுமிச்சம்பழம் லோகநாயகிக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. கைப்பிடியை மட்டும் எப்படி மறந்தாள் என்றுதான் புரியவில்லை. திருட வேண்டும் என்று நினைத்துச் செய்ததல்ல. மைதிலியும் அதைத்தானே சொன்னாள்?

ஜரினாவுக்குக் குழுவும் தெரியாது, லோகநாயகி பிடியும் தெரியாது. விஷயத்தைச் சொன்னபோதும், "புடி தானக்கா, இருந்துட்டுப் போவுது" என்று சிரித்தாள். வாயை மூடிக்கொண்டால் ஈ காக்கைக்குத் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் லோகநாயகி மூடிக்கொண்டுதான் இருந்தாள். ஒயரைத் தொடவில்லை. "உடம்பு சரியில்லியா?" என்று கேட்ட கஜபதிமேல் எரிந்து விழுந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மூன்றாம் நாள் காலை குழுவில் பேசினாள்: "அந்தப் புடி என்னுது இல்ல. குமணன்சாவடி ஜரினாவோடது. பஸ்ல பாத்தத மறந்துட்டு என்னுதுன்னு நெனச்சிக்கினேன். மைதிலி, உன்ன அன்னிக்கு ரொம்பப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத." இந்தக் குரல் பதிவு இருபது நொடிகூட இல்லை. முதல் பதில் மைதிலியிடமிருந்துதான் வந்தது. "இனிமே ஜரினா புடின்னு சொல்லிக்கலாம்க்கா. நீ சாப்ட்டியா?"

அன்று மாலையே லோகநாயகி நீலக் கூடையோடு தையல் கடைக்குப் போனாள். ஜரினா எங்கிருந்தோ தேடி எடுத்துக் கொடுத்த சாண் நீள மஞ்சள் ஒயரைக் கோணி ஊசியால் அடியில் நுழைத்து, ஒரே ஒரு முடிச்சு போட்டாள். கிளம்பும்போது ஜரினா ஐந்தாறு எலுமிச்சம்பழம் நீட்டினாள். "இந்த வாட்டி உருட்டாம எடுத்துக்கினு போங்க."

ஆவடிப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பழங்களை முந்தானையில் முடிந்துகொண்டு, காலிக் கூடையை அடி மேலே தெரியும்படி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.