படம் பார்க்கப் போனவள்

"ஏய் கண்டக்கையா, ஒங் கொடைய மடக்கி வையி. மழையே என்னயப் பாத்து நின்னுபோச்சு!" என்று ஜீவராணி ஒரு ரப்பர் மரத்தை, அதுதான் வேலையை மேற்பார்க்கும் கண்டக்கையா என்பதுபோல், அதட்டுகிறாள். அதட்டிக்கொண்டே பால் கத்தியை இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகப் பட்டையில் சரித்து இழுக்கிறாள். கத்தி கீழே வந்து சேர்ந்துவிட்டது, வசனம் இன்னும் வாயில் இருக்கிறது. முகத்தைச் சுளிக்கிறாள். அடுத்த மரத்தில் அதே வசனத்தைக் கொஞ்சம் நறுக்கிச் சொல்லிப் பார்க்கிறாள். இப்போது வெட்டும் பேச்சும் ஒன்றாக முடிகின்றன. சிரட்டையில் பால் சொட்டத் தொடங்கியதும் அந்த மரத்தை விட்டுவிட்டு நகர்கிறாள்.

பக்கத்து நிரையில் பால் வெட்டும் பெண்களுக்கு இது பழகிப்போயிற்று. "ஜீவராணி படம் ஓட்டுறா" என்று சொல்லிவிட்டு அவரவர் மரத்தைப் பார்ப்பார்கள். ருவான்வெல்லைக்கு மேலே இருக்கும் அந்த ரப்பர் தோட்டத்தில் திரைக்கதை எழுதுகிற ஒரே ஆள் அவள்தான். கல்யாணப் பேச்சை எடுக்கிறவர்களிடம் "மொதல்ல படம் முடியட்டும்" என்பாள். அவளுடைய எழுத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. "வெட்டு முடியிறதுக்குள்ள வசனம் முடியணும். முடியலன்னா அது வசனம் இல்ல, பெரசங்கம்."

மரம் நனைந்தால் பால் வெட்டு கிடையாது. ஆகவே மழை பெய்தால் தோட்டத்து வரிசை வீடுகளான லயமே வானத்தைத் திட்டும். ஜீவராணி மட்டும் பேனாவைத் தேடுவாள். லயத்தில் தன் அறையான காம்பராவின் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, மரங்களிடம் சொல்லிப் பார்த்ததையெல்லாம் எழுதி வைப்பாள். அவள் எழுதியதைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் தலை சுற்றும். ஒவ்வொரு காட்சிக்கும் மேலே "எலிமஹன - தவல்" என்றோ "காம்பரா உள்ளே - ரே" என்றோ இருக்கும். சிங்களத்தில் எலிமஹன என்றால் வெளியிடம், தவல் பகல், ரே இரவு. முன்பொரு முறை கொழும்பிலிருந்து ஒரு சிங்கள டெலி நாடகக் கோஷ்டி தோட்டத்துக்கு வந்து, தேயிலைக் கொழுந்துக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு நடக்க லயத்துப் பெண்களைக் கூட்டிப்போனது. ரப்பர் தோட்டத்தில் ஏது கொழுந்துக் கூடை என்று கேட்க அங்கே ஒருத்தியைத் தவிர யாருக்கும் வாய் வரவில்லை. கோஷ்டி போன பிறகு அவர்கள் எறிந்த தாள்கள் சில கிடந்தன. அவற்றைப் பொறுக்கிப் படித்துத்தான் ஜீவராணி திரைக்கதை என்பதைக் கற்றாள். அந்தத் தலைப்புகள் இல்லாமல் எழுதினால் அது படமாகாது என்பது அவளுடைய உறுதியான நம்பிக்கை. மாற்றச் சொல்லி யாராவது வந்தால் சண்டைக்கு நிற்பாள்.

கூடை தூக்கி நடந்த அன்று கோஷ்டியிடம் அதைக் கேட்டே விட்டவள் ஒருத்தி இருந்தாள். "இது ரப்பர் வத்த, மஹத்தயா. கொழுந்து வேணும்னா மேல ஏறிப் போங்க" என்று, தோட்டத்தை வத்த என்றும் ஐயாவை மஹத்தயா என்றும் சிங்களமும் தமிழும் கலந்து டைரக்டரிடம் சொல்லி, கூடையை அவர் காலடியில் வைத்துவிட்டு வந்தவள். அவள்தான் ஷாமிளா. திரைக்கதை முழுக்க அவளைப் பற்றியதுதான்.

ஷாமிளாவும் ஜீவராணியும் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் பிறந்து, ஒரே நாளில் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்து, அடுத்தடுத்த நிரையில் பால் வெட்டியவர்கள். மற்றபடி இருவருக்கும் ஒரு பொருத்தமும் கிடையாது. ஜீவராணி எதையும் யோசித்துத் தொடுவாள். ஷாமிளா தொட்ட பிறகும் யோசிக்கமாட்டாள். மாரியம்மன் திருவிழாவில், பொம்பளை தொடக்கூடாத தப்பு மேளத்தைப் பிடுங்கி, சாமி ஆடியவரே நின்று பார்க்கும்படி அடித்தவள் அவள். தோட்டத்து மேனேஜர் துரையின் ஜீப் மேட்டில் திணறி ஏறும்போது பின்னால் தொற்றிக்கொண்டு பங்களா வாசல் வரை போய், இறங்கி, துரைக்கே சலாம் வைத்தவள். அவளுடைய அம்மா மருதாயி கோயில் கமிட்டியிடமும் கண்டக்கையாவிடமும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டே பாதி ஆயுளைக் கழித்தாள். "இவளப் பெத்ததுக்கு ஒரு கொளவிக் கூட்டப் பெத்திருக்கலாம்" என்பாள். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்கும்.

தோட்டத்துக்கும் கடைவீதிக்கும் நடுவே ஓர் ஓடை. அதன்மேல் ஒற்றை மரத்தைக் கிடத்தி, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். ஏதண்டை என்று அதற்கு அங்கே பெயர். ஜீவராணி இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நண்டு நடை நடந்துதான் அதைக் கடப்பாள். ஷாமிளா கயிற்றைத் தொட்டதே இல்லை. ஒரு கையில் செருப்பு, மறு கையில் உடுப்பின் விளிம்பு, அப்படியே ஓடி அக்கரையில் நிற்பாள். "ரெண்டு கையிலயும் வேல இருக்கு புள்ள, கயித்த எதால புடிக்கிறது?" என்பாள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆனி மழையில் ஓடை பெருகியது. யாரும் ஏதண்டையில் கால் வைக்கக்கூடாது என்று காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் சொன்னார்கள். அன்றைக்குத்தான் ருவான்வெல்லைத் தியேட்டரில் ஒரு தமிழ்ப் படத்துக்குக் கடைசி நாள். அங்கே தமிழ்ப் படம் வருவதே எப்போதாவதுதான். ஷாமிளா ஜீவராணியைக் கூப்பிட்டாள். ஜீவராணி வரமாட்டேன் என்றாள். ஷாமிளா தனியாகப் போனாள், படத்தைப் பார்த்தாள். மழைக்கு ஒதுங்கிய இடத்தில், தையல்கடை ஸுபைதாவுக்குச் சண்டைக் காட்சி முழுவதையும் நடித்துக் காட்டினாள். "தண்ணி கூடிக்கிட்டே போகுது, ராவுக்கு இங்கயே படு" என்று ஸுபைதா சொன்னதற்கு, "வந்த வழிலதான் போவேன், அக்கா" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். மறுநாள் ஓடையின் கீழே மூங்கில் புதரில் அவள் உடலை எடுத்தார்கள்.

"படத்த முழுசாப் பாத்துட்டுத்தான் செத்தா" என்று ஜீவராணி இன்றைக்கும் சொல்வாள். அதை ஒரு பெருமையாகவே சொல்வாள்.

ஆனால் லயம் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. "படம் பாக்கப் போயி செத்தவ" என்று பேச்சு ஓடியது. பெற்றவள் எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருப்பாள்? கருமாதி அன்று, இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்த நேரத்தில், மருதாயி எழுந்து நின்று சொன்னாள்: "எம் மக படத்துக்குப் போகல. எனக்கு இழுப்பு வந்துருச்சு. மருந்து வாங்கத்தான் போனா." யாரும் மறுத்துப் பேசவில்லை. ஜீவராணியும் வாயைத் திறக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து எதிர்த்துச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

வினை வந்தது அதன் பிறகுதான். தாய்க்காக உயிரைக் கொடுத்த பிள்ளை என்று தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மேடையில் பேசினார். அவள் தப்பு அடித்த கதையைக் கோயில் கமிட்டி மறந்தே போனது. இளைஞர் மன்றம் ஒரு படி மேலே போய், வருஷாவருஷம் விளையாட்டுப் போட்டியில் தோட்டத்தின் மிக அடக்கமான பெண்பிள்ளைக்கு "ஷாமிளா நினைவுக் கோப்பை" கொடுக்க ஆரம்பித்தது. முதல் கோப்பையை, தலை நிமிராமல் நடக்கிற ஒரு பிள்ளை நாணிக் கோணி வாங்கியபோது ஜீவராணி கூட்டத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தது ஷாமிளா நினைவாக. பிறகு காம்பராவுக்கு வந்து அழுதாள். அழுகை ஓய்ந்ததும் பொறுக்கி வைத்திருந்த சிங்களத் தாள்களை எடுத்தாள். "அவள ரெண்டாந் தரம் கொல்றாங்க. விட்டுட்டு சும்மா இருக்கவா?" என்பதுதான் இந்தத் திரைக்கதையின் ஆரம்பம்.

எழுதி முடிக்க ஏழெட்டு மழைக்காலம் போயிற்று. எடுத்துத் தர ஒருவர் வேண்டுமே. கடைவீதியில் ஜதீஸ்வரன் என்பவர் கல்யாண வீடியோ எடுக்கிறார். அப்பாவின் உத்தியோகத்தோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். ஊரெல்லாம் தாலி கட்டுவதை எடுத்து எடுத்து அலுத்துப்போயிருந்த மனிதர், ஜீவராணியின் கதையை ஒரே மூச்சில் படித்தார். கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றார். ஒன்றே ஒன்றைத்தான் மாற்றக் கேட்டார்.

"பிள்ளை, நீ எழுதினது நல்லாத்தான் கிடக்கு. ஆனா ஒரு பெட்டை படம் பாக்கப் போய்ச் செத்தவள் எண்டால் சனம் அழாது. மருந்து வாங்கப் போனவள் எண்டால் அழும். தாயே அப்பிடித்தானே சொல்லுறா?"

"அழ வேணாங்கண்ணே. அவளப் பாத்தாப் போதும்."

"நீ கூடப் போகேல்லை எண்டதையாவது ஒரு காட்சியா வைக்கலாமே?"

"அத வச்சா அது என் படமாயிரும். இது அவ படம்."

நாட்டில் சண்டை நடப்பதால் கேமராவோடு வெளியில் நிற்கப் போலீஸ் அனுமதி வேண்டியிருந்தது. ஸ்டேஷனில் சார்ஜன்ட் முதலில் கேட்டது "கொட்டி கதாவக்த?" என்றுதான், புலிக் கதையா என்று. "நே மஹத்தயா, யாளுவெக்கே கதாவக்" என்றாள் ஜீவராணி. ஒரு கூட்டாளியின் கதை. நல்ல பிள்ளையா என்று அவர் அடுத்துக் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினால் வேலை முடிந்துவிடும். ஜீவராணியால் அது முடியவில்லை. "நே மஹத்தயா. ஹரி தடப்பரய்" என்றாள், மகா அடங்காப்பிடாரி என்று. சார்ஜன்ட் சிரித்துவிட்டு, தன் வீட்டிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சார்ஜன்டைக் கடந்துவிடலாம். மருதாயியைக் கடப்பது எப்படி? அவளுக்குத் தெரியாமல் எடுப்பதை ஜீவராணி கற்பனையிலும் நினைக்கவில்லை. ஒரு மழை நாளில் மருதாயியின் காம்பராவுக்குப் போய், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிக் காட்சியை உரக்க வாசித்தாள். எலிமஹன என்பதையும் விடாமல் வாசித்தாள். மருதாயி அடுப்பை ஊதுவதை நிறுத்தவில்லை.

"ஊருக்கே சொன்ன வாயி இது. இப்ப அத எங்க கொண்டுபோயி வைக்கச் சொல்ற?"

"ஒங்க வாயப் பத்தி நான் ஒன்னும் எழுதல பெரியம்மா. அவ காலப் பத்தித்தான் எழுதிருக்கேன்."

"படிச்சது போதும். வெளிய போடி."

ஜீவராணி வெளியே வந்தாள். அன்றைக்கு அவள் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் கிழிக்கவும் இல்லை. பெரியம்மா வேண்டாம் என்று சொல்லவில்லையே, வெளியே போ என்றுதானே சொன்னாள் என்று வழியெல்லாம் தனக்குத்தானே வாதாடிக்கொண்டு போனாள்.

போன மாசியில், ஓடை வற்றிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதண்டைக் காட்சியை எடுக்கப் போனார்கள். ஷாமிளாவாக நடிக்க எந்த வீட்டிலும் பெண்ணை அனுப்பவில்லை. அடக்கமான பிள்ளைக் கோப்பை வாங்கியவர்கள் யாரும் அந்தப் பக்கமே வரவில்லை. ஆகவே ஜீவராணியே பாவாடை தாவணியோடு நின்றாள். வேடிக்கை பார்க்க லயம் முழுக்கக் கரைக்கு வந்துவிட்டது. ஜதீஸ்வரன் கேமராவைச் சரிபார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு மருந்துப் போத்தலை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"வசனம் ஒண்டும் வேண்டாம் பிள்ளை. இது கையிலை இருந்தாப் போதும். தாய்க்கும் மரியாதை. உனக்கும் படம்."

ஜீவராணி போத்தலைப் பார்த்தாள். எறியவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. கூட்டம் விலகி வழி விட்டது. மருதாயி ஒரு சிலுசிலு பாலிதீன் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க இறங்கி வந்தாள்.

"என்னா அது கையில?"

"இழுப்பு மருந்து, பெரியம்மா."

"கொண்டா. எனக்குத்தான இழுப்பு." போத்தலைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு பையிலிருந்து ஒரு சிவப்புப் புடவையை உதறி எடுத்தாள். அது மருதாயியின் கூறைப்புடவை. மூங்கில் புதரிலிருந்து ஷாமிளாவைத் தூக்கி வந்த ஆண்கள் எல்லாரும் அதை அவள் உடம்பில் பார்த்தவர்கள். மருந்து வாங்கப் போகிறவள் கூறைப்புடவையா கட்டுவாள் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை வருஷமும் கேட்கவில்லை.

"பாவாட தாவணியில போகல எம் மக" என்று மருதாயி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "பொட்டியத் தொறந்து, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம, இதக் கட்டிக்கிட்டுத்தான் போனா. படம் பாக்கப் போனா. எழுதுனா ஒழுங்கா எழுதுடி."

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். மருதாயி தன் கையாலேயே ஜீவராணிக்குப் புடவையைச் சுற்றிவிட்டாள். ஜதீஸ்வரன் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றார்.

ஜீவராணி ஏதண்டை முனைக்குப் போனாள். பழக்க தோஷத்தில் இரண்டு கைகளும் கயிற்றைப் பிடித்தன. பிறகு குனிந்து செருப்பைக் கழற்றி ஒரு கையில் எடுத்துக்கொண்டாள். மறு கையால் கூறைப்புடவையின் விளிம்பைத் தூக்கிப் பிடித்தாள்.