மிக்காவின் மௌனமும் சித்தப்பாவின் மூன்று வாரமும்

எங்கள் அலுவலகத்தில் காலைக் காப்பிக்கு எட்டுப் பேர் ஒரே மேசையில் உட்காருவோம். ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டார்கள். கோப்பையைப் பார்ப்பார்கள், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள், பிறகு "நன்றாக இருந்தது" என்று எழுந்துபோவார்கள். தூத்துக்குடியில் எட்டுப் பேர் இப்படி உட்கார்ந்திருந்தால் ஏதோ சொத்துத் தகராறு என்று தெருவே எட்டிப் பார்க்கும். ஹெல்சிங்கிக்கு வந்த புதிதில், எல்லோருக்கும் என்மேல் கோபம் என்று நினைத்து வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறேன்.

நம்மூர் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் பார்த்தவர்களுக்கு என் பயம் புரியும். அங்கே சத்தம் இருக்கிறவரைக்கும் வியாபாரம் இருக்கிறது. வாங்க வந்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு கடலைப் பார்த்தால், விற்கிறவர் பயந்துவிடுவார். அவராகவே விலையில் இறங்கி வருவார். என் அந்தோணி சித்தப்பா அந்தச் சத்தத்திலேயே வளர்ந்த மனுஷன். இப்போது கணவாய் மீனைச் சுத்தம் செய்து உறையவைத்து அனுப்பும் சின்னக் கம்பெனி ஒன்று வைத்திருக்கிறார். எங்கள் நிறுவனமோ இங்குள்ள உணவகங்களுக்குக் கடலுணவு வரவழைத்துக் கொடுப்பது. என் மேலாளர் மிக்காவிடம், இவர் என் சித்தப்பா என்று முதலிலேயே சொல்லித்தான் வீடியோ காலுக்கு ஏற்பாடு செய்தேன். மொழிபெயர்ப்பும் நான்தான். எனக்கோ அப்போது வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

சித்தப்பா சலவைச் சட்டையில் பளிச்சென்று திரையில் வந்தார். அஞ்சு வாரத்தில் சரக்கைக் கப்பலில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். மொழிபெயர்த்தேன். மிக்கா மேசையைப் பார்த்தபடி இருந்தார். பேச்சே இல்லை. சித்தப்பா நெற்றியைத் துடைத்தார்.

"நாலு வாரத்துல ஏத்திருதேன்னு சொல்லுளா."

சொன்னேன். மிக்கா இப்போது சுவரைப் பார்த்தார்.

"ஏளா, மனுஷன் கோவமா இருக்காரோ? சரி, மூணு வாரம்னு சொல்லு. எப்படியாச்சும் பாத்துக்கிடுதேன்."

எப்படிப் பார்ப்பார்? கச்சான் காற்று அடிக்கிற மாசம். பாதி நாள் படகே கடலுக்குப் போகாது. முதல் ஆர்டரிலேயே சொன்ன தேதி தவறினால் இங்கே இரண்டாவது ஆர்டர் என்பதே கிடையாது. மூன்று வாரத்தை என் வாயால் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"சித்தப்பா, கொஞ்சம் சும்மா இருங்க. அவரு கோவப்படல, யோசிக்காரு."

"இவ்வளவு நேரமா?"

மிக்கா நிமிர்ந்து, "அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டார். மறைக்க முடியாது. "மூன்று வாரம் என்கிறார். முடியாது. நாலு வாரமும் கஷ்டம்தான். நீங்கள் பேசாமல் இருப்பதைப் பார்த்துப் பயந்து குறைக்கிறார்" என்றேன். மறுபடியும் மௌனம். போச்சு, வேலையும் போச்சு, சித்தப்பாவின் ஆர்டரும் போச்சு என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டு அந்த மௌனத்தை உடைத்துவிட நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

"ஐந்து வாரமே எனக்குச் சீக்கிரம்தான்" என்றார் மிக்கா கடைசியில். "எங்கள் குளிரறையில் இடம் காலியாகுமா என்றுதான் யோசித்தேன்."

அந்தச் சரக்கு ஐந்து வாரத்தில் கிளம்பியது. எனக்கும் வேலை நிரந்தரமானது. எங்களூரில் கேட்கிறவர் இடையிடையே "உம்" கொட்டவேண்டும் என்று மிக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வீடியோ காலில், சித்தப்பா வணக்கம் சொல்வதற்குள்ளேயே பாவி மனுஷன் உம் கொட்ட ஆரம்பித்துவிட்டார். சித்தப்பாவோ நான் "சும்மா இருங்க" என்று சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தார். "உன் சித்தப்பாவுக்கு என்மேல் கோபமா?" என்று மிக்கா என்னிடம் கிசுகிசுத்தார். இரண்டு பேரையும் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

போன சனிக்கிழமை ட்ராமில் வரும்போது அம்மா போனில் பேசினாள். பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதை. சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏளா, என்ன பேச்சே காணோம்? நான் என்ன சொல்லிட்டேன்னு இப்போ கோவம்?"

பதறிப்போய் "உம், உம், சொல்லும்மா" என்றேன். ட்ராமில் நாலு தலை திரும்பியது. வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு, அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, வீடு வருகிறவரைக்கும் உம் கொட்டிக்கொண்டே வந்தேன்.