பத்தொன்பதாவது கோரிக்கை

என் கையெழுத்து நன்றாக இருக்கும். சங்கத்தில் என்னைச் செயலாளர் ஆக்கியதற்கு அது ஒன்றுதான் காரணம். தைரியமா, பேச்சா, ஒரு மண்ணும் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் பாண்டி பஜாரில் ஒரு பழைய ஜவுளிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரிலிருந்து தினமும் 12பி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் இறங்கி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் என் நாற்காலியில் உட்கார்ந்தேன் என்றால், சாயங்காலம்வரை எழுந்திருக்க வேண்டியதில்லை. அந்த நாற்காலியைப் பற்றி அப்போதெல்லாம் நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை எங்களுக்கும் முதலாளிக்கும் ஒப்பந்தம். பழையது முடிவதற்குள் நாங்கள் கோரிக்கைப் பட்டியல் கொடுக்க வேண்டும். அதை எழுதுவதில் ஒரு சம்பிரதாயம் இருந்தது. வேண்டியதை மேலே எழுத வேண்டும், விடப்போவதைக் கீழே எழுத வேண்டும். பேச்சுவார்த்தை என்று உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் எதையாவது விட்டுக்கொடுத்ததாகக் காட்டிக்கொண்டாக வேண்டுமே. முதலாளியும் நாலு பேரிடம் 'இதையெல்லாம் தர மாட்டேன்னுட்டேன்' என்று சொல்லிக்கொள்ள வேண்டாமா? அதற்காகவே கடைசியில் ஏழெட்டு சும்மா சேர்ப்போம். சாப்பாட்டு அறைக்கு டி.வி., வருஷம் ஒரு முறை ஊட்டிச் சுற்றுலா என்று. அவை வராது என்று எங்களுக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். இரண்டு பக்கமும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு அவற்றுக்காகச் சண்டை போடுவோம்.

அந்த வருஷம் பதினெட்டுக் கோரிக்கைகள். மயிலாப்பூரில் லஸ் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில், பிரதி எடுப்பதற்கான ஸ்டென்சில் தாளில் நானே உட்கார்ந்து அடித்தேன். ஸ்டென்சிலில் தப்பு அடித்தால் தாளையே தூக்கிப் போட வேண்டும். ரொம்ப நேரம் பிடித்தது, முதுகு போய்விட்டது. மறுநாள் காலை கடை திறக்குமுன் அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கையில்தான் அக்கா வந்தார்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. கடையில் எல்லோருக்கும் அவர் அக்கா. கோட்டூர்புரம் பக்கம் ஆற்றோரக் குடிசைப் பகுதியிலிருந்து வருவார். பதினாலு வருஷமாக பிளவுஸ் துணி கவுன்ட்டரில் நிற்பவர். எந்தப் புடவையைக் காட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு அதற்குப் பொருத்தமான துணியை எடுத்துப் போடுவார். காலில் நரம்பெல்லாம் சுருண்டு புடைத்திருக்கும். கணுக்காலுக்கு மேல் ஒரு புண், ஆறும், மறுபடி திறக்கும். கூட்டம் இல்லாதபோது கவுன்ட்டருக்குப் பின்னால் கிடக்கும் லைனிங் துணிக் கட்டு மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்வார். மேனேஜர் அந்தப் பக்கம் வந்தால், மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போய்விடுவார். நல்ல மனுஷன்.

"நைனா, லிஸ்ட்டு எய்திட்டியாமே. அதுல ஒரு ஸ்டூலு போடேன்" என்றார் அக்கா.

"ஸ்டூலா?"

"கவுண்டருக்கு ஒண்ணு. எனக்கு மட்டும் இல்ல, நின்னுக்கினே கீற பொம்பளைங்க எல்லாத்துக்கும். ஆளு இல்லாதப்போ குந்துனா இன்னா கொறஞ்சிடும்? இப்டியே நின்னுக்கினு இருந்தா காலு நாஸ்தியாப் பூடும்னு டாக்டரு சொல்ட்டாரு."

"நீங்கதான் கட்டு மேல உக்காந்துக்கறீங்களே அக்கா, யாரு கேக்கறாங்க?"

"அது திருட்டுத்தனமா குந்தறது நைனா. நாயமா குந்தணும்."

எனக்கு அது சுருக்கென்றது. போட்டுவிடுகிறேன் என்றேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லஸ்ஸுக்கு ஓடினேன். மேலே சேர்க்க வேண்டுமானால் முழு ஸ்டென்சிலையும் புதிதாக அடிக்க வேண்டும். கீழே பதினெட்டுக்கு அடியில் ஒரு வரிக்கு இடம் இருந்தது. சோம்பேறித்தனம்தான், வேறென்ன சொல்ல? ஸ்டூலுக்குப் போய் யார் மறுக்கப்போகிறார்கள், செலவா என்ன, பழைய கிடங்கிலேயே நாலு கிடக்குமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பத்தொன்பது என்று அடித்தேன். ஊட்டிச் சுற்றுலாவுக்குக் கீழே.

முதலாளியின் அறையில் மூன்று சுற்றுப் பேச்சு. ஒன்றும் நகரவில்லை. தீபாவளி நெருங்க நெருங்க எங்களுக்குத் தெம்பு வந்தது. தீபாவளிக்கு முன்னால் ஜவுளிக் கடை ஒரு நாள் மூடினால் போதும், முதலாளிக்குத் தூக்கம் போய்விடும். வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தோம். விஷயம் தேனாம்பேட்டையில் தொழிலாளர் அதிகாரியின் மேஜைக்குப் போனது. அவர் எதிரில் ஒரு பக்கம் முதலாளியும் மேனேஜரும், இன்னொரு பக்கம் எங்கள் தலைவரும் நாங்கள் ஐந்து கமிட்டி ஆட்களும் உட்கார்ந்தோம்.

தலைவர் கடை ஆள் அல்ல. பத்துப் பதினைந்து கடைகளின் சங்கங்களுக்குச் சேர்த்து அவர் ஒருவர்தான் தலைவர். எமகாதகர். மேஜையில் அவர் ஒருவர்தான் பேச வேண்டும் என்பது எங்கள் கட்டுப்பாடு. ஆளுக்கு ஒன்று பேசினால் எதிர்ப்பக்கம் நம்மைப் பிரித்துவிடும் என்பார். எங்களுக்குச் சொல்ல இருப்பதை எல்லாம் வெளியே வராந்தாவில்தான் சொல்ல வேண்டும். சரியான கட்டுப்பாடுதான், இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

மத்தியானம்வரை மூன்றாம் நம்பரில் நின்றது பேச்சு. சம்பள உயர்வு. கடையில் அத்தனை பேரும் அதற்காகத்தான் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி பட்டியலைப் புரட்டிப் புரட்டிக் கடைசி வரிக்கு வந்தார்.

"இதென்ன, ஸ்டூலு? கஸ்டமர் நின்னுக்கிட்டு இருப்பாங்க, நம்ம ஆளு உக்காந்துக்கிட்டுத் துணி காட்டறதா? கடைக்கு மரியாதையா இருக்குமாய்யா?"

தலைவர் சிரித்தார். "சரிங்க, உங்க மரியாதைக்கு நாங்க ஏன் குறுக்க நிக்கணும்? பத்தொம்பதை விட்டுட்டோம். பதினெட்டையும் விட்டுட்டோம். குறிச்சுக்குங்க. இப்ப மூணுக்கு வாங்க."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் வாயைத் திறந்தேன். தலைவர் மேஜைக்கு அடியில் என் தொடை மேல் கையை வைத்து அழுத்தினார். வாயை மூடிக்கொண்டேன்.

டீ குடிக்க வராந்தாவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "தலைவரே, அந்த ஸ்டூல் நெஜமாவே வேணும். ஒரு அம்மாவுக்குக் கால்ல புண்ணு."

அவர் டம்ளரைக் கையில் வைத்தபடி என்னை நிதானமாகப் பார்த்தார். "நீங்கதானே அடிச்சீங்க? கடைசியில போட்டா விடறதுக்குன்னுதானே அர்த்தம்? முக்கியம்னா மேல போட்டிருக்க வேணாமா? விட்டதைத் திரும்பக் கேட்டா நம்ம பேச்சுக்கு என்ன மதிப்பு? மூணாம் நம்பரும் கையை விட்டுப் போயிடும், பரவாயில்லையா?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பு இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

சாயங்காலத்துக்குள் முடிந்தது. கேட்டதற்குக் கொஞ்சம் குறைவாக, நினைத்ததற்குக் கொஞ்சம் அதிகமாக மூன்றாம் நம்பர் கிடைத்தது. ஒப்பந்தத்தின் கடைசிப் பத்தியில், பன்னிரண்டு முதல் பத்தொன்பது வரையிலான கோரிக்கைகளைச் சங்கம் கைவிடுகிறது, ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவற்றை மீண்டும் எழுப்பாது என்று இருந்தது. எல்லா ஒப்பந்தத்திலும் வருகிற வழக்கமான பத்திதான். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்துதான் அழகாக இருந்தது.

மறுநாள் கடை வாசலில் கூட்டம். மாலை, வெடி, பூந்தி. தலைவர் பேசப் பேச ஒரே கைதட்டல். அக்காவும் கை தட்டினார். கூட்டம் கலைந்ததும் பூந்திப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு என்னிடம் வந்தார்.

"நம்ம ஸ்டூலு இன்னாச்சு நைனா?"

"அடுத்த ஒப்பந்தத்துல கண்டிப்பா வாங்கிடலாம் அக்கா" என்று பூசி மெழுகினேன்.

"சர்தான். எங்க போவுது, கட்டுதான் கீதே" என்று சிரித்துவிட்டுப் போனார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவ்வளவுதான், விட்டது என்று நினைத்தேன்.

தீபாவளி வியாபாரம் முடிந்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒப்பந்தப்படி கோரிக்கை எண் பத்தொன்பது கைவிடப்பட்டதால், வேலை நேரத்தில் கவுன்ட்டரில் யாரும் எதன் மீதும் உட்காரக் கூடாது. கீழே முதலாளியின் கையெழுத்து. மேனேஜர் இரண்டு ஆட்களை வைத்து லைனிங் துணிக் கட்டுகளைக் கிடங்குக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பில் புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். "சார், இத்தனை வருஷமா நீங்களே கண்டுக்காமதானே இருந்தீங்க?"

"இருந்தேன்யா, யாரு இல்லேன்னா? அப்போ இது எழுத்துல இல்ல. நான் ஃபேனைப் பாத்துக்கிட்டுப் போயிட்டேன். நீங்க கேட்டீங்க, அவரு முடியாதுன்னாரு, நீங்களே விட்டுட்டோம்னு கையெழுத்துப் போட்டீங்க. இனிமே நான் பாக்காத மாதிரி போனா என் வேலை போகும். இதை எதுக்குய்யா எழுத்துல கொண்டு வந்தீங்க?" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

தலைவரிடம் ஓடினேன். மூன்று வருஷம் கட்டுப்பட்டாயிற்று, இதற்காக நோட்டீஸ் கொடுத்தால் ஒப்பந்தத்தை நாமே மீறியதாகும், பொறு என்றார். முதலாளியைத் தனியாகப் பார்த்துக் கெஞ்சினேன். சங்கத்து விஷயம் எல்லாம் தலைவர் மூலம்தான் வர வேண்டும் என்று எங்கள் கட்டுப்பாட்டையே எனக்குத் திருப்பிச் சொன்னார். கமிட்டியில் பேசினேன். ஒரு அம்மாவுக்காக எல்லோருடைய ஒப்பந்தத்தையும் ஆட்டிப் பார்ப்பதா என்றார்கள். அப்போதுதான் ஒன்று மண்டையில் உறைத்தது. கமிட்டியில் இரண்டு பேர் பட்டுப் பிரிவு, வெள்ளை மெத்தை மேல் சம்மணம் போட்டுப் புடவை விரிப்பவர்கள். ஒருவர் டெய்லர். ஒருவர் வேன் டிரைவர். அப்புறம் நான். ஐந்து பேரும் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். பத்தொன்பது என்ற எண்ணைப் பார்த்ததும் எங்கள் யாருக்குமே கால் வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

பொங்கலுக்குள் புண் பெரிதாகிவிட்டது. துணி சுற்றிக்கொண்டு வந்தார். ஒரு காலைத் தூக்கி மறு கால் மேல் வைத்துக்கொண்டு நிற்பார். நான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்ப்பேன், அவர் என் பக்கம் திரும்பினால் பில்லைப் பார்ப்பேன். மேனேஜர் ஃபேனைப் பார்த்தது போலத்தான். ஆனால் அவர் பார்க்காமல் இருந்ததில் ஒருத்திக்கு உட்கார இடம் கிடைத்தது. என்னுடையதால் யாருக்கு என்ன?

மாசி மாதத்தில் ஒரு நாள், மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும், நொண்டி நொண்டி என் தடுப்புக்கு வந்தார்.

"ஒரு லெட்டரு எய்திக் குடு நைனா. நின்னுக்கறேன் வேலைலேந்து. உன் எய்த்துதான் நல்லா கீது."

"என்னாலதான் அக்கா. நான் மேல போட்டிருந்தா..."

"அட விடு. நீ இன்னா வேணும்னா செஞ்சே? நான்தான் கம்முனு குந்திக்கினு இருந்திருக்கணும். நாயம் கேக்கப் பூட்டேன்."

சடக்கென்று எழுந்து என் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். "மொதல்ல உக்காருங்க."

அவர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு மாடிப்படியைப் பார்த்தார். முதலாளி இறங்கி வருகிற நேரம்.

"வேணா நைனா. பாத்துட்டாங்கன்னா உன் பேர்ல மெமோ வரும். நீ குந்து. குந்தி எய்து, அப்பதான் எய்த்து நல்லா வரும்."

சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதினேன். கோணாமல், அழகாக வந்தது. அவர் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, புண் இருந்த காலைத் தூக்கி மறு கால் மேல் வைத்துக்கொண்டு, முடிகிறவரைக்கும் நின்றார். நான் உட்கார்ந்துகொண்டுதான் எழுதினேன்.