சஹனில் என் பக்கம் இருந்த கோழி

நான் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடற்கரை ஊரான எத்தாளையில் நல்ல தண்ணீர் வராது என்று ஊரே சொன்ன மணலில் கிணறு வெட்டினேன், வந்தது. தென்னங்குற்றி நட்டு, தென்னோலைக் கிடுகு வேய்ந்து, முதல் கோழிக்கூட்டை என் கையாலேயே கட்டினேன். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்தவர் மிளகாய்த் தோட்டத்தில் போட்டது. திரும்பக் கட்டினேன். இன்று ஐந்து கூடுகள் நிற்கின்றன. தீனி மூட்டையில் இருக்கும் சிங்களத்தை எழுத்துக் கூட்டி வாசிக்க நானாகவே பழகினேன். கல்வீடு கட்டினேன். மூன்று பெண்பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தேன். மார்ச், ஏப்ரலில் காற்று செத்துப்போய் மணல் காலைச் சுடும் நாட்களில் ஊரில் கோழிகள் சாக்குச் சாக்காகப் புதைக்கப்பட்டபோது, என் கோழிகள் உயிரோடு நின்றன. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அந்த ஐந்தாம் வகுப்பிலும் பாதி நாள் கரைவலை இழுக்கப் போய்விட்டேன்.

இவ்வளவும் செய்தவனின் படம் எங்கேயும் இல்லை. என் மச்சானின் படம் இருக்கிறது.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். நுரைச்சோலையில் கூலி வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தவனைக் கோழி வளர்ப்புக்கு இழுத்து வந்தவன் நான். அவனுடைய முதல் குஞ்சுகள் என் கூட்டிலிருந்து போனவை. அவன் கூடு என் வேலிக்கு அடுத்த பக்கம் இருக்கிறது. நான் கட்டியதைப் பார்த்துக் கட்டியது. கதவு வைத்த திசைகூட அதேதான்.

போன வருடம் தீனிக் கடைக்குப் போனபோது சுவரில் ஒரு துண்டுப் பிரசுரம் ஒட்டியிருந்தது. வெப்பமான கரையோரத்தில் இறைச்சிக் கோழி வளர்ப்பது எப்படி என்று கால்நடை அலுவலகத்தார் அச்சடித்தது. நடுவில் என் மச்சான், கையில் ஒரு கோழியோடு, கலியாண மாப்பிள்ளைபோல் நிற்கிறான். கீழே மூன்று விசயங்கள். ஒன்று, வெயில் நேரத்தில் தீனியை நிறுத்தி, விடியற்காலையிலும் மாலையிலும் மட்டும் போடவேண்டும். இரண்டு, தண்ணீர்க் குழாயை மணலுக்குள் ஆழப் புதைத்துக் குளிர்ந்த தண்ணீர் கொடுக்கவேண்டும். மூன்று, கோழியை அறுப்பதற்குப் பத்து நாள் முன்பே மீன் கலந்த தீனியை நிறுத்திவிடவேண்டும்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நானா, ஒங்கட மச்சான் பெரிய ஆளாயிட்டார் போல."

"ஓம். படத்துல கோழி பெரிசா அவன் பெரிசாண்டுதான் தெளிவில்ல" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மூட்டையை மோட்டார் சைக்கிளில் இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினேன்.

அந்த முதலாவது விசயம் யாருடையது என்று கேளுங்கள். ஒரு மார்ச் மாதம் நடுப்பகலில் என் கோழிகள் வாயைத் திறந்து, சிறகை விரித்து, நெஞ்சு அடிக்க நின்றன. லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் செத்துக் கிடந்தன. கிடந்தவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கழுத்தடியைத் தடவிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தீனி கல்லுப்போல் கட்டியாக நின்றது. உயிரோடு நின்றவற்றைத் தடவினேன். அவற்றின் கழுத்தடி வெறுமையாக இருந்தது. தின்றது வயிற்றுக்குள் அடுப்பு மூட்டுகிறது, வெளியே வெயில், உள்ளே நெருப்பு என்று அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. மறுநாளிலிருந்து காலை ஒன்பது மணிக்குத் தீனித் தட்டுகளை எல்லாம் மேலே தூக்கிக் கட்டினேன். மாலை அசர் தொழுகைக்குப் பிறகுதான் இறக்கினேன். ஊர் சிரித்தது. "ஒங்கட கோழியெல்லாம் நோன்பா நானா? சஹருக்கு எழுப்புறது ஆரு?" என்று பள்ளிவாசலில் கேட்டார்கள். என் கோழிக்கு நோன்புக்கோழி என்று பட்டமே வந்தது. பட்டம் எனக்கு, படம் அவனுக்கு.

இரண்டாவதும் என்னுடையதுதான். கூரைக்கு மேல் இருந்த தாங்கியில் தண்ணீர் தேநீர்போல் கொதித்துக்கிடந்தது. கோழி அலகை வைத்துவிட்டு எடுத்துவிடும். முழங்கை ஆழத்துக்கு மணலைத் தோண்டிக் குழாயைப் புதைத்தேன். பிறகு அந்தத் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் போட்டேன், கரைவலை இழுத்துக் களைத்தவனுக்கு உப்புக் கஞ்சி கொடுப்பதுபோல. கோழி நின்று குடித்தது. அப்போது என் மச்சான் நுரைச்சோலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

மூன்றாவது மட்டும் அவனுடையது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த மூன்றாவதும் எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால்தான் என் நியாயம் விளங்கும்.

எங்கள் பக்கத்தில் வலை கரைக்கு வந்தால் விற்க முடியாத பொடிமீனும் கூனி இறாலும் மணலில் கிடக்கும். அள்ளுவதற்கு யாரும் தடை சொல்வதில்லை. அதை வெயிலில் காயவைத்து, இடித்து, தீனியோடு கலந்து போட்டேன். கடைத் தீனி தின்ற கோழிக்கும் என் கோழிக்கும் கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும். நெஞ்சு நிரம்பியிருக்கும். இரவல் வாங்கிய அறிவல்ல இது. கடற்கரையில் பிறந்தவனுக்குக் கடல் கொடுத்தது என்று சொல்லித் திரிந்தேன். கடைசி மகளின் கலியாணத்துக்கு வெளிக்கோழி ஒன்றும் வரக்கூடாது, எல்லாம் என் கூட்டுக் கோழிதான் என்று சொல்லிவிட்டேன்.

அன்று காலையில் சமையற்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நானா, இஞ்சி கொஞ்சம் கூடப் போடட்டா?"

"என்னத்துக்கு?"

"சும்மாதான்."

அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. நாள் முழுக்கக் கூனிச் சாக்குக்குள் நிற்பவன் மூக்குக்கு என்ன தெரியும்?

சஹன் வைத்தார்கள். ஆறு பேர் சுற்றி இருந்து ஒரே பெரிய தட்டில் உண்பது எங்கள் வழக்கம். அவரவர் தன் முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்துதான் எடுக்கவேண்டும். அடுத்தவர் பக்கம் கை போவது மரியாதையில்லை. நான் மாப்பிள்ளை வீட்டாரோடு இருந்தேன். வண்ணாத்திவில்லுவிலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெரியவாப்பா ஒரு துண்டு கோழியை வாயில் வைத்தார். மென்றார். மெல்லுவது மெதுவாகிக்கொண்டே போனது.

"கடக்கரையில பொண்ணெடுத்தா கோழியும் நீந்தித்தான் வரும் போல" என்றார்.

பந்தலே சிரித்தது. அடுத்த சஹனிலிருந்து ஒருவர், "இது கோழிப் புரியாணியா, கருவாட்டுப் புரியாணியா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். ஆறு பேரின் கையும் சோற்றை மட்டும் பிசைந்தது. கோழித் துண்டுகள் அப்படியே திரும்பிப் போயின. பரிமாறிக்கொண்டு நின்ற என் மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பி வந்த ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தான். அவன் சிரித்திருந்தால் மறந்திருப்பேன்.

"மணக்கல்ல. மாப்பிள்ள வீட்டாருக்கு எங்கட சாப்பாடு பழக்கமில்ல" என்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

சில மாதம் கழித்து மச்சான் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். போனால் ஒரு சஹன். தீனிக் கடைக்காரர், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் முஅத்தின், இன்னும் மூன்று பேர், நான். கொஞ்சம் தள்ளிக் கதிரையில் கால்நடை அலுவலகத்து மிஸ் ஒரு கொப்பியோடு இருந்தார். ஆளுக்கு ஆள் இடம் காட்டி இருத்தினான். சஹனின் விளிம்பில் ஆறு பக்கமும் ஆறு நிற நூல் கட்டியிருந்தது. அலங்காரம் என்று நினைத்தேன்.

அவரவர் பக்கத்தில் அவரவர் தின்றோம். முஅத்தின் இரண்டாம் வாயோடு தண்ணீர் கேட்டார். கடைக்காரர் மூக்கைச் சுருக்கினார். என் பக்கத்துக் கோழி மிருதுவாக, ஈரம் வற்றாமல், ஒரு மணமும் இல்லாமல் இருந்தது. எலும்பைக்கூட நான் விடவில்லை.

"மச்சான், எப்பிடி இரிக்கி?" என்று அவன் என்னைக் கேட்டான்.

"சோக்கா இரிக்கி. இதாரு வளத்த கோழி?"

"ஒங்கட கோழிதான். மூணாம் கூட்டுக் கோழி."

பிறகுதான் விளக்கினான். ஆறு பக்கத்துக் கோழியும் என்னுடையவை. கூனி தின்று வளர்ந்தவை. அவற்றைக் கொண்டுவந்து தன் கூட்டில் தனித்தனியாக அடைத்து, ஒன்றுக்குக் கடைசி நாள் வரை கூனி, ஒன்றுக்கு இரண்டு நாள் முன்பு நிறுத்தம், ஒன்றுக்கு நாலு, ஒன்றுக்கு ஆறு, ஒன்றுக்கு எட்டு, என் பக்கத்துக்குப் பத்து. எந்தப் பக்கம் எந்தக் கோழி என்று தெரியத்தான் அந்த நூல். யாரும் அடுத்தவர் பக்கம் கை வைக்கமாட்டார்கள் என்பதால் சஹனையே அவன் அளவுகோலாக்கிக்கொண்டான். பகல் வெயிலில் பிடித்து அறுத்தால் இறைச்சி வறண்டுபோகும் என்று எல்லாவற்றையும் விடியற்காலைச் சுபஹு தொழுகைக்குப் பிறகு குளிரில் பிடித்தானாம். அதுவும் என்னிடம் பார்த்ததுதான். மிஸ் எழுதிக்கொண்டே இருந்தார்.

கை கழுவாமலே வீட்டுக்கு வந்தேன். என் கோழியை அவனுக்குக் கொடுத்தது யார் என்று கேட்டேன்.

"நாந்தான்" என்றாள் மனைவி. "தம்பி கேட்டான், குடுத்தன்."

"என்ட கோழிய வெச்சு என்னையே சோதிக்கிறானா அவன்?"

"கலியாணத்தண்டு நீங்க மணக்கல்லண்டு சென்னீங்க. அவன் எத்தின நாளைக்கு மணக்குமெண்டு பாத்தான். அவ்வளவுதான் வித்தியாசம்."

அதற்குப் பிறகு என் மனம் இருந்த நிலையை ஒளிக்காமல் எழுதுகிறேன். காலையில் எழுந்தால் முதலில் வேலிக்கு அப்பால் பார்ப்பேன். அவன் கோழி ஒன்று தும்மினால் எனக்குத் தேநீர் இனித்தது. காற்று அவன் கூரையில் இரண்டு கிடுகைப் பிடுங்கிய அன்று நான் ஏணி இருந்தும் கொடுக்கவில்லை. ஒரு தொகுதிக் கோழிக்கு வீம்புக்குக் கடைசி நாள் வரை கூனி போட்டேன். அதில் ஒன்றை வீட்டில் சமைத்தபோது, மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து கூட்டுப் பக்கம் போகாதிருந்த என் மூக்குக்கே அது மீன் மணத்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த தொகுதிக்குப் பத்து நாள் முன்பே நிறுத்தினேன். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

துண்டுப் பிரசுரத்தைப் பார்த்த அன்று பொறுக்க முடியவில்லை. நேரே அவன் கூட்டுக்குப் போனேன். தண்ணீர்ப் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றான்.

"தட்டுத் தூக்கிக் கட்டினது ஆரு? கொழாயப் பொதச்சது ஆரு? அந்த மிஸ்ஸுக்கிட்ட ஏன் செல்லல்ல?"

"சென்னேன் மச்சான். ரெண்டும் ஒங்கட வேலையெண்டு செல்லித்தான் எழுதக் குடுத்தன். அவங்க ஒங்கட பேரப் போடத்தான் இருந்தாங்க."

"அப்ப எங்க பேரு?"

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தான். "மீன் மணம் எப்பிடித் தெரிய வந்ததெண்டும் கேட்டாங்க. கலியாணத்துக் கதையையும் போடணுமெண்டாங்க. படிக்கிறவனுக்கு அதான் மனசுல நிக்குமாம். ஒங்கட பேரையும் போட்டு, அந்தக் கதையையும் போட்டா ஊரு என்ன கதைக்கும்? மருமகன் வீட்டாரும் பாப்பாங்க. அதான் ரெண்டையும் நீக்கச் சென்னேன்."

ஒரு வருடமாக அவனைப் பார்த்து வயிறெரிந்து, அன்று என் பெயரையும் திருடிவிட்டான் என்று வந்தவன் நான். அவனோ என் அவமானத்தை மூடியிருக்கிறான். திருடியிருந்தால் ஏசிவிட்டுப் போயிருக்கலாம். நல்ல மனதுக்காரன் என்ற பெயரையும் அவனே எடுத்துக்கொண்டான் என்று நினைக்க வயிறு இன்னும் எரிந்தது. அன்று மாலை ஏணியைக் கொண்டுபோய் அவன் வேலியில் சாத்திவிட்டு வந்தேன்.

யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். என் பெயரும் அந்தக் கதையும் ஒன்றாகத்தான் போகும் என்றால், ஒன்றாகவே போகட்டும். ஊர் ஏற்கெனவே சிரித்துவிட்டது. இன்னும் என்ன சிரிக்கப்போகிறது? மாப்பிள்ளையின் பெரியவாப்பா இப்போது பெருநாளுக்கு என் கோழியைத்தான் கேட்டு வாங்குகிறார்.

ஆகவே கால்நடை அலுவலகத்தாருக்குச் சொல்கிறேன். அடுத்த முறை அச்சடிக்கும்போது தீனித் தட்டைத் தூக்கிக் கட்டியவன் நான் என்று எழுதுங்கள். குழாயைப் புதைத்தவன் நான் என்று எழுதுங்கள். பத்து நாள் கணக்கு மச்சானுடையது. அதில் எனக்குப் பங்கு வேண்டாம். ஆனால் அந்தக் கணக்குக்கு முன்னால், மகளின் கலியாணத்தில் ஊர் பார்க்க மணத்த கோழி என்னுடையது என்றும் எழுதுங்கள். அந்தக் கோழி மணக்காமல் இருந்திருந்தால் அவன் எந்தத் துண்டை எடுத்து மோந்திருப்பான்? படமும் வேண்டும். அவனுடையதைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது.