பெயிலாகப் படித்த கோர்ஸ்

கொம்பியூட்டர் புரோகிராமிங்கின் ஆரம்பப் பாடத்தை நான் மூன்று தடவை படித்தவள். மக்கு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். சின்னம்மா வீட்டு ஒழுங்கையில் குடியிருந்த சனம் முழுக்க அப்போது அப்படித்தான் நினைத்தது.

சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த கொம்பியூட்டர்களை மட்டக்களப்பு டவுனில் ஒரு கல்லூரியில் அடுக்கி, இலவசக் கோர்ஸ் ஒன்று தொடங்கினார்கள். அப்பா என்னை அதில் சேர்த்தது கொம்பியூட்டர் ஆசையில் அல்ல. எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அங்கே இயக்கத்துக்காரர் சண்டைக்கு வீடு வீடாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வயதுக்கு வந்த பெண்ணோ பையனோ இருந்த வீட்டில் யாருக்கும் தொண்டையால் சோறு இறங்காது. அதனால்தான் டவுனில் சின்னம்மா வீட்டில் என்னைக் கொண்டுவந்து விட்டார். வெளியூர் ஆள் தங்குவதென்றால் பொலிஸில் பதிய வேண்டும். பதிவதற்கு ஒரு காரணம் வேண்டும். கல்லூரி அடையாள அட்டைதான் என் காரணம். அது கையை விட்டுப் போனால் பாலத்தைத் தாண்டி ஊருக்குப் போக வேண்டியதுதான்.

ஆக, வீடும் கல்லூரியும், கல்லூரியும் வீடும். சின்னம்மா நல்லவதான். ஆனால் கேற்றடியில் நின்று காற்று வாங்கினாலும், "உள்ள வா புள்ள, ஆரும் பாக்கப்போறாங்க" என்று இழுத்துக்கொண்டு போவா. எனக்கு மூச்சு முட்டும். லேப் யன்னலால் பார்த்தால் வாவிக்கு அந்தப் பக்கம் எங்கள் கரையின் தென்னைகள் தெரியும். பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்ததால் யன்னலுக்கு முதுகைக் காட்டி இருந்துகொண்டேன்.

இரண்டு பேருக்கு ஒரு கொம்பியூட்டர். என்னோடு இருந்தவள் வாகரைப் பெண். சுனாமி அவர்களுடைய வீட்டை அத்திவாரத்தோடு கொண்டுபோயிருந்தது. அவளுடைய ஊரிலும் ஆள் பிடித்தார்கள், அதனால் அவளும் என்னைப் போல டவுனில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தாள். பேச்சுக் குறைவு, ஆனால் சிரிக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள்.

முதல் தடவை நான் உண்மையாகவே பெயில். படிப்பித்த சேர் பலகையில் x = x + 1 என்று எழுதினார். நான் உயர்தரத்தில் கணிதம் படித்தவள். எந்த எண்ணும் தன்னை விட ஒன்று கூடுதலாக இருக்க முடியாது. இப்படிப் பச்சைப் பொய்யை எழுதிவிட்டு இந்த மனுசன் எப்படிக் கூச்சமில்லாமல் நிற்கிறார் என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு போய்ச் சோதனை எழுதினால் வேறென்ன நடக்கும்? வாகரைக்காரியும் என்னோடு விழுந்தாள்.

அப்பா டவுனுக்கு வந்தபோது அழுதுகொண்டு சொன்னேன்.

"பெயிலான ஆக்கள் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"அடுத்த ஆக்களோட திரும்பப் படிக்கலாம். அட்டையும் புதுப்பிச்சுத் தருவாங்க."

"பாஸான ஆக்கள்?"

"அட்டையத் திருப்பிக் குடுக்கணும்."

அப்பா என் கண்ணைத் துடைத்துவிட்டார். "அப்ப நீ பெயிலாவே இரு மகள்" என்றார். சாதாரணதரச் சோதனையில் கணக்குக்கு 'ஏ' எடுத்தபோதுகூட அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் கண்டதில்லை. மற்றக் கோர்ஸ்களுக்கு ஆங்கிலத்தில் சித்தி, அதாவது பாஸ், கேட்டார்கள். எனக்கு அது இல்லை. எனவே வேறு வழியும் இருக்கவில்லை.

இரண்டாம் தடவை வந்தது பெரிய கரைச்சல். பாடம் விளங்கிவிட்டது. சேர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்: "அதச் சமன் எண்டு வாசிக்காதீங்க. 'ஆக்கு' எண்டு வாசிங்க. x ஐ, x கூட்டல் ஒண்டு ஆக்கு." சோறு ஆக்கு, கறி ஆக்கு என்கிறோமே, அதுதான். அது உண்மையைச் சொல்கிற வரி இல்லை, வேலை சொல்கிற வரி. அதன் பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை. சொன்னதைச் சொன்னபடி அந்தப் பெட்டி செய்தது. அந்த நாட்களில் நான் சொல்லிக் கேட்ட ஒரே சீவன் அதுதான். அதில் எனக்கு ஆசை வந்துவிட்டது.

விளங்கிய பாடத்தைப் பிழையாக எழுதுவது லேசான வேலை இல்லை. கை தன்பாட்டில் சரியாக எழுதிக்கொண்டு போகும், இழுத்துப் பிடிக்க வேண்டும். சோதனைத் தாளில் நிபந்தனைகளைத் தலைகீழாக்கினேன், அரைப்புள்ளிகளை விழுங்கினேன். எட்டிப் பார்த்தால் வாகரைக்காரியும் எழுதிய நல்ல விடையை அழித்துக்கொண்டிருந்தாள். நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ரிசல்ட் போட்ட அன்று நான் போகப் பிந்திவிட்டது. பார்த்தால் என் எண்ணுக்கு நேரே சித்தி. நின்றவர்கள் கை குலுக்கினார்கள், என் கண்ணீரைச் சந்தோசக் கண்ணீர் என்றார்கள். நேரே சேரின் அறைக்குப் போனேன்.

"சேர், எனக்குப் பெயில் போடுங்க."

அவர் சிரித்தார். "விசரா புள்ள உனக்கு? நான்தான் மார்க்கக் கூட்டிப் போட்டுப் பாஸாக்கினன். உன்ட விடையப் பாத்தாத் தெரியுது, உனக்கு எல்லாம் விளங்கியிருக்கு. பயத்தில பிழை விட்டிருக்காய்."

"பயத்திலதான் சேர். பாஸானா அட்டை போயிரும். அட்டை போனா நான் படுவான்கரைக்குப் போகணும்."

சிரிப்பு நின்றது. அவர் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒவ்வொரு ஆமிச் சென்றியிலும் சோதனைக்கு இறங்கி ஏறி வருகிறவர். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பேனையைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"உன்னோட இருக்கிற வாகரைப் புள்ளைக்கும் கூட்டிப் போட்டனே" என்றார்.

சேரும் நானும் ஓபீசுக்கு ஓடினோம். அவள் வெள்ளனவே வந்து அட்டையைக் கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் நன்றியும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பெயில் போடச் சொல்லிக் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சேர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனார். வாகரை பஸ் போய்விட்டிருந்தது.

அன்று எனக்குப் பெயில் கிடைத்தது. மூன்றாம் தடவையும் அதே பாடத்தை அதே சேரிடம் படித்தேன். எனக்குப் பக்கத்துக் கதிரையில் அவர் யாரையும் இருத்தவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு வாகரைக்குப் போய் அவளுடைய அம்மாவைத் தேடிப் பிடித்தேன். ஊருக்கு வந்த கையோடு அவளை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டுபோய்விட்டார்களாம். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு அந்த அம்மா என் பக்கத்தில் வந்து இருந்தா.

"எங்கட புள்ள பாஸ், தெரியுமா மகள்?" என்றா. "அண்டைக்கு நீயும் பாஸா?"

"இல்லம்மா," என்றேன். "நான் பெயில்."