பவுடர் பூசிய எஞ்சின்

என் காரில் எண்ணெயும் ஒழுகியது, தண்ணீரும் ஒழுகியது. இரண்டுக்கும் காரணம் நான்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான் லேசில் நாட்டுக்குள் வராத காலம். என் கார் ஐம்பத்தாறில் இங்கிலாந்தில் செய்தது. நான்கு பேர் ஓட்டிக் களைத்த பிறகு என்னிடம் வந்தது. கடற்கரை ஊரான மயிலிட்டியில் மனைவியின் வீட்டில் இருந்துகொண்டு அதை வாடகைக்கு ஓட்டினேன். உதிரிப்பாகம் கேட்டால் கடைக்காரன் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு அறையத் தோன்றும்.

அந்த ஆவணியில் மனைவியின் தங்கைக்குக் கலியாணம். மாப்பிள்ளை பருத்தித்துறை. எங்கள் வழக்கத்தில் பெண்ணின் சகோதரன் தோழனாகப் போய் மாப்பிள்ளையைக் காரில் அழைத்து வருவான். பெண் வீட்டு வாசலில் அவருடைய காலைக் கழுவி உள்ளே கூட்டிப் போவதும் அவன்தான். என் கார் போகும் என்று எல்லோர் முன்னிலையிலும் நானே சொல்லியிருந்தேன். நல்ல முகூர்த்த நாள் என்பதால் வேறு கார் எதுவும் மிச்சமில்லை. கலியாண நாளான புதன்கிழமை காலையில் என் கார் நடுவழியில் நின்றால் மாப்பிள்ளையும் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் கார் சற்றுச் சூடேறியது. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அதைப் புளி கரைத்து ஊற்றித்தான் கழுவுவோம். எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் ஊற்றும் ரேடியேற்றரும் ஒரு கேத்தல்தானே என்று நினைத்தேன். ஒரு வாளி புளித்தண்ணீர் கரைத்து ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஒரு நாள் ஊறவும் விட்டேன். திறந்தபோது வெள்ளைச் சேறாக வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காரின் அடியில் மணல் நனைந்து கிடந்தது.

நனைந்த இடத்தில் எண்ணெயும் இருந்தது. எண்ணெய் கசிகிறது என்றால் எங்கோ தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், தளர்ந்ததை இறுக்க வேண்டும். நான் அப்படித்தான் படித்திருந்தேன். எஞ்சினின் பக்கத்தில் ஒரு தகர மூடி இருக்கும். அதன் போல்டுகளை இருக்கிறதிலேயே நீளமான ஸ்பானரால் இறுக்கினேன். கூடுதலாக ஒழுகியது. மேலும் இறுக்கினேன்.

சனிக்கிழமை மருதனார்மடத்தில் ஒரு கராஜுக்கு, வழியில் மூன்று இடத்தில் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொண்டுபோனேன். கராஜ்காரர் குனியவே இல்லை. நின்றபடியே, எஞ்சின் கீறல் விட்டு வெடித்துவிட்டது, கழற்றி இறக்க வேண்டும், மூன்று வாரமாகும் என்றார். நான் அவருக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தன் தம்பியைக் கூப்பிடச் சொன்னாள். அவன் இயந்திரப் படகில் எஞ்சின்காரன், என்னைவிட இரண்டு வயது இளையவன். கலியாணத்தில் தோழனும் அவன்தான். ஒருநாள் அவன் என் காரின் சத்தத்தைக் கேட்டு ஏதோ சொல்லவந்தபோது, மீன் நாறும் கையைக் காரில் வைக்காதே என்று பலர் முன்னால் சொல்லியிருந்தேன். இரண்டு வருடமாக எங்களுக்குள் நல்ல பேச்சு இல்லை. கூப்பிட மாட்டேன் என்றேன்.

"அப்ப மாப்பிள்ளையை உங்கடை தோளிலை தூக்கிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

அவளே அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை படகு கரைக்கு வந்ததும் அவன் நேரே எங்கள் வீட்டு வளவுக்கு வந்தான். பழைய கதை ஒன்றும் எடுக்கவில்லை. காரின் பக்கத்தில் மணலில் குந்தியிருந்து வெறுமனே பார்த்தான். ஒரு ஸ்பானரையும் தொடவில்லை. பிறகு எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை இழுத்து, அதில் ஒட்டியிருந்த எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்தான். எண்ணெய் பால்போல வெளுக்கவில்லை, ஆகவே தண்ணீர் உள்ளே கலக்கவில்லை, எஞ்சின் வெடிக்கவில்லை என்றான். கராஜ்காரர் பார்க்காத பார்வை அது. ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு மண்ணெண்ணெயும் பழைய பல் தூரிகையும் கேட்டான். எஞ்சினைக் கழுவத் தொடங்கினான். கழுவினான், கழுவினான், பாதி நாள் கழுவினான். பதினைந்து வருட அழுக்கு. கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்க இவன் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தினேன். அவன் தூரிகையை நிறுத்தாமல் சொன்னான்:

"ரோட்டிலை நிண்டா நீங்கள் இறங்கி நடப்பியள் அத்தான். கடலிலை இறங்கி நடக்கேலாது. அதாலை நாங்கள் முதல்லை பாப்பம். பிறகுதான் தொடுவம்."

அவன் எனக்கு உபதேசம் செய்யவில்லை. தன் வேலை எப்படிப்பட்டது என்று சொன்னான், அவ்வளவுதான்.

எஞ்சின் காய்ந்ததும் பவுடர் வேண்டும் என்றான். வீட்டில் இருந்தது கலியாணப் பெண்ணுக்கென்று வாங்கிய முகப்பவுடர் ஒன்றே. இன்னும் மூடி திறக்கவில்லை. பெண்ணே கொண்டுவந்து கொடுத்தாள். "எனக்கு முகத்துக்குக் கொஞ்சம் மிச்சம் விடு அண்ணை" என்று மட்டும் சொன்னாள். அவன் உள்ளங்கையில் கொட்டி ஊதி ஊதி எஞ்சின் பக்கம் முழுவதும் வெள்ளையாக்கினான். ரேடியேற்றரை நிரப்பினான். எஞ்சினை ஓடவிடச் சொன்னான்.

சற்று நேரத்தில் அந்த வெள்ளையில் இரண்டு அடையாளம் எழுந்தது. மேலே, பின்பக்கமாக, சாம்பல் நிறக் கோடு: தண்ணீர். கீழே தகர மூடியின் மூலையில் பழுப்புப் புள்ளி: எண்ணெய். தண்ணீர்க் கோடு இறங்கி மூடியின் விளிம்பில் ஓடி, எண்ணெய் சொட்டும் இடத்திலேயே சொட்டியது. ஐந்தாறு நாளாக நான் ஒரே ஒழுக்கு என்று நினைத்து ஏசிக்கொண்டிருந்தது இரண்டு ஒழுக்கு. படித்த டாக்டர் ஒருவர் நாடி பிடித்ததுபோல் இருந்தது.

தண்ணீர் வந்த இடத்தில் காசைவிடச் சற்றுப் பெரிய தகர மூடி ஒன்று இருந்தது. எஞ்சினை வார்த்தபோது விட்ட ஓட்டையை அடைப்பது. அவன் திருப்புளியால் தொட்டதும் நனைந்த அட்டைபோல உள்ளே போனது. எங்கள் உவர்த் தண்ணீர் அதை எப்போதோ தின்றுவிட்டது. இத்தனை நாளும் ஒழுக்கை அடைத்துக்கொண்டு நின்றது சுண்ணாம்புப் படிவம். அதைத்தான் நான் புளி ஊற்றிக் கரைத்திருக்கிறேன்.

படகின் அடியில் அடிக்கும் செப்புத் தகட்டில் ஒரு வட்டம் வெட்டினான். அதைக் குவித்து ஓட்டையில் வைத்து, விளிம்புக்குப் படகுப் பெயின்ற் பூசி, நடுவில் சுத்தியலால் ஒரே அடி. குவிந்தது தட்டையாகும்போது விளிம்பு விரிந்து ஓட்டையைக் கவ்விக்கொண்டது. அந்த அடியை நான் நூறு தரம் முயன்றாலும் அடிக்க மாட்டேன்.

பிறகு நான் இறுக்கிய பக்க மூடியைக் கழற்றிக் காட்டினான். போல்ட் துளைகளைச் சுற்றித் தகரம் உள்ளே குழிந்திருந்தது. மூடிக்கும் எஞ்சினுக்கும் இடையில் இருந்த தக்கைப் பட்டை பிளந்து கிடந்தது.

"நீங்கள் இறுக்க இறுக்க ஓரம் வளைஞ்சு எண்ணெய்க்கு வழி விட்டிருக்கு அத்தான்."

அதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. நானாக இருந்தால் ஊரைக் கூட்டிச் சிரித்திருப்பேன். குழிகளைத் தட்டிச் சமப்படுத்தினான். தடித்த அட்டையை எஞ்சின்மேல் வைத்து ஓரமெல்லாம் மெல்லத் தட்ட, அட்டை அந்த வடிவத்திலேயே வெட்டுப்பட்டு வந்தது. இரண்டு பக்கமும் கிறீஸ் பூசிப் பொருத்தி, சின்ன ஸ்பானரால், விரல் பலத்தில் மட்டும் இறுக்கினான். எனது நீள ஸ்பானரை எட்டத்தில் வைத்துவிட்டான்.

கடைசியில் ரேடியேற்றருக்கு ஊற்றக் குடிக்கிற தண்ணீர் கேட்டான். வளவுக் கிணறு உவர். குடிக்கிற தண்ணீரைப் பெண்கள் அரை மைல் போய் நல்ல கிணற்றில் அள்ளி வருவார்கள். மனைவி என்னைப் பார்த்தாள்.

"நான் இடுப்பு நோகச் சுமக்கிற தண்ணியை உந்தத் தகரம் குடிக்கவோ?"

ஆனாலும் இரண்டு குடத்தையும் கொண்டுவந்து வைத்தாள். அந்தக் கிணறு எங்கே இருக்கிறது என்றுகூட எனக்கு அதுவரை சரியாகத் தெரியாது. அடுத்த நாளிலிருந்து காருக்கும் வீட்டுக்கும் நானே போய் அள்ளினேன்.

செவ்வாய்க்கிழமை அச்சுவேலி வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். அவன் வழி முழுக்க எஞ்சின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்து தேசிக்காயைப் பிழிந்து மணலும் போட்டு நகத்தைத் தேய் தேய் என்று தேய்த்தான். கறுப்பு போகவில்லை.

புதன்கிழமை பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் இருந்தான். தொண்டைமானாற்றுப் பாலத்தில் காரை மெதுவாக விட வேண்டியிருந்தது. அங்கே இரு பக்கமும் உப்புத் தண்ணீர். சூடு காட்டும் முள்ளை நான் பார்த்தேன். கண்ணாடியில் அவனைப் பார்த்தேன், அவனும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முள் அசையவில்லை.

நேரத்துக்கு வந்து சேர்ந்தோம். மேளம் முழங்கியது. வாசலில் செம்பும் தாம்பாளமுமாகப் பெண்கள் நின்றார்கள். மாப்பிள்ளை ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். காலைக் கழுவ வேண்டியவனைக் காணவில்லை. எல்லோரும் தேடினார்கள். அவன் காரின் முன்பக்கத்தில், பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துப் பிடித்துக்கொண்டு, குனிந்து அடியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணலை ஒரு பிடி அள்ளினான். விரல் வழியே விட்டான். எல்லாம் உதிர்ந்தது, ஒன்றும் ஒட்டவில்லை. கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்து, போய்ச் செம்பை வாங்கினான்.